நாரி நோவும் சீனத்து ஊசியும்

வன்னியின் எந்த அரச வைத்தியசாலையிலாயினும் கிளினிக் நாளொன்றில் காலை எட்டு மணிக்கு வெளிநோயாளர் மண்டபத்து வாங்கில் அமர்ந்து, பக்கத்திலிருக்கும் தாயொருவரிடம் என்ன வருத்தம் என்று விசாரித்தால், பெரும்பாலும் ஒரே சங்கதிதான் செவியில் விழும்: நாரி உளைகிறது, பிடரியில் குத்துகிறது, கைகால் எரிகிறது, இரவில் நித்திரையில்லை, படம் எடுத்துப் பார்த்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், ஒன்றுமில்லையம்மா என்று சொல்லிப் பனடோல் தந்து அனுப்பினார்கள். வைத்தியர் அதை ஆறுதலாகவே சொல்கிறார். எலும்பு முறியவில்லை, புற்று இல்லை, சிறுநீரகம் பழுதாகவில்லை என்பதே அவர் கருத்து. ஆனால் துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து, ஒரு நாட் கூலியை இழந்து, நம்பர் எடுத்துக் காத்திருந்தவருக்கு அது தம் வேதனையே பொய்யென்னும் தீர்ப்பாகப் படுகிறது. அடுத்த மாதம் வேறொரு வைத்தியரிடம் போகிறார். அங்கும் அதே படம், அதே சோதனை, அதே வெள்ளைக் குளிசை.

இந்த நோவுக்கு அக்குபங்சர் என்னும் சீனத்து ஊசிச் சிகிச்சையை நம் அரச வைத்தியசாலைகளுக்குள்ளேயே கொண்டுவர வேண்டும் என்பதும், அதே சீன வைத்தியத்தின் மறுபாதியாகிய மூலிகைக் கஷாயங்களையும் உருண்டைகளையும் இந்த மண்ணில் வாசலிலேயே நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். ஊசி அற்புதம் செய்யும் என்று நம்பி இதைச் சொல்லவில்லை. அதனால் ஆகக்கூடியது எவ்வளவு என்பது இன்று ஓரளவு அளந்தறியப்பட்டிருக்கிறது. அந்த அளவான நன்மைகூட நம் ஜனங்களுக்கு இப்போது கிட்டவில்லை என்பதனாலேயே சொல்கிறேன்.

உடலில் காயமோ கட்டியோ காணப்படாத நோவை வைத்திய சாஸ்திரம் வெகுகாலமாக நோயாளியின் மனத்தின்மேல் ஏற்றிவிட்டுக் கைகழுவி வந்தது. அந்தக் காலம் கழிந்துவிட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பேரவை 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்களின் 11ஆவது சர்வதேச வகைப்பாட்டில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதும், வேறொரு வியாதியால் விளக்கப்பட இயலாததும், மனத்துயரத்தையோ அன்றாட வாழ்வின் முடக்கத்தையோ உடன்கொண்டதுமான நோவு, ‘நீடித்த முதன்மை நோவு’ என்ற பெயரோடு தானே ஒரு வியாதியாக இடம்பெற்றிருக்கிறது. 1965இல் மெல்சாக், வோல் என்னும் இருவர், உடலிலிருந்து மூளைக்குச் செல்லும் நோவுச் செய்தி முள்ளந்தண்டிலே ஒரு வாயிலைக் கடக்க வேண்டியிருக்கிறது என்றும், அவ்வாயிலைத் திறக்கவும் சாத்தவும் மூளைக்கும் ஏனைய ஸ்பரிச உணர்வுகளுக்கும் வல்லமை உண்டு என்றும் ஒரு கொள்கையை முன்வைத்தார்கள். 1983இல் கிளிஃபோர்ட் வூல்ஃப், திரும்பத் திரும்ப நோவுண்ட நரம்பு மண்டலம் பின்னர் இலேசான தொடுகையையும் பெருநோவாக உணரும்படி மாறிவிடக்கூடும் என்பதைச் சோதனையால் காட்டினார். வானில் இடி முழங்கினாலே பதுங்குகுழியைத் தேடி ஓடிய பிள்ளைகளை 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் நாம் கண்டோம். செல்லடி ஓய்ந்துவிட்டது என்பது அவர்கள் புத்திக்குத் தெரிந்திருந்தும் உடம்புக்குத் தெரியவில்லை. நோவைக் காவிச் செல்லும் நரம்புகளுக்கு நேர்வதும் இதுவே. எலும்பைப் படம் பிடித்தால், எலும்பைப் பற்றிச் செய்தி சொல்லும் நரம்பின் சுபாவம் அதில் எப்படித் தெரியும்?

அந்தச் சுபாவம் மாறுவதற்கான காரணங்களை வன்னியில் தேடிப் போக வேண்டியதில்லை. 2008இன் கடைசி மாதங்களிலிருந்து 2009 மே வரை, கிளிநொச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று கையிற் பிள்ளையும் தலையிற் சுமையுமாக நகர்ந்தவர்கள். பின்னர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே தறப்பாளின் கீழ் மாதக்கணக்காக வெறுநிலத்தில் படுத்தவர்கள். மீள்குடியேறி வந்து பற்றை வெட்டிக் கிணறு இறைத்துக் கல் சுமந்து வீடு எழுப்பியவர்கள். அவர்களுள்ளும் கணவனை இழந்தோ, காணாமற் போனவனைத் தேடிக்கொண்டோ, குடும்பத்தைத் தனியே தாங்கிய பெண்கள்: இவர்களுடைய நாரியும் பிடரியும் நோகாதிருந்தாலன்றோ ஆச்சரியம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்விலே, யுத்தம் தனிமனிதரை மாத்திரமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியிருக்கிறது என்று விரிவாகக் காட்டினார். நம்மவர் மனத்துயரை அப்பெயரால் வைத்தியரிடம் கொண்டுவருவதில்லை, உடம்பு நோவாகவே கொண்டுவருகிறார்கள் என்பதும் அவர் எழுத்துகளில் நெடுங்காலமாகக் காணப்படுகிற ஒரு விஷயம். அவருடைய யோசனையும் கவனிக்கத்தக்கது: ஜனங்களுக்குப் பரிச்சயமான ஜபம், சவாசனம், மூச்சுப் பயிற்சி முதலானவற்றையே சிகிச்சைக்குத் துணைகொள்ளலாம் என்றார்.

இன்னொரு கூட்டத்தார் இருக்கின்றனர். ‘பீஸ்’ என்று அவர்கள் சொல்லும் செல் சிதறல் அவர்கள் உடம்பில் இன்னும் தங்கியிருக்கிறது. எடுக்கப் போனால் நரம்பு அறுந்துவிடும், இரத்தக்குழாய் பழுதாகும் என்று விட்டுவைக்கப்பட்டது அது. சிலருக்கு அது கிடக்கும் இடமே நோகிறது. வேறு சிலருக்கோ பீஸ் தொடையில் இருக்க நோவு தோளில் இருக்கிறது. இரும்புத் துண்டு காந்தத்தால் அசையக்கூடும் என்ற பயத்தினால் இவர்களை எம்.ஆர்.ஐ. படத்துக்கு அனுப்புவதுகூட இலகுவன்று. ஆகவே காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் நோவைக் கவனிப்பது என்று காத்திருந்தால், இவர்களுடைய ஆயுள் முழுவதும் காத்திருப்பாகவே கழியும்.

யுத்தத்துக்குப் பின் விளங்காத நோவு வருவது நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. 1991இல் வளைகுடா யுத்தத்திலிருந்து திரும்பிய அமெரிக்கப் படையினருள் மிகப் பலர், எந்தச் சோதனையிலும் பிடிபடாத தசைநோவும் மூட்டுநோவும் சோர்வும் உடையவர்களாயினர். அவர்களை நடிக்கிறார்கள் என்று முதலிற் சொன்னவர்கள் உண்டு. ஆயினும் 1994இல் அந்நாடு சட்டமியற்றி, பெயர் சூட்டப்படாத வியாதிக்கும் நட்டஈடு கொடுக்க இசைந்தது. 2001இல் அமெரிக்க விமானப்படை வைத்தியர் றிச்சர்ட் நீம்சோ, காதுமடலில் ஐந்து புள்ளிகளிற் சிறு ஊசிகளைப் பதித்து நோவைத் தணிக்கும் முறையொன்றை வகுத்தார். அது படையினரிடையே பரவியது. ஆகாய விமானமும் ஏவுகணையும் வைத்திருக்கும் படையொன்று ஒரு மெல்லிய ஊசியை நாடிப் போனதற்குக் காரணம், அபின் வகை மருந்துகள் அதன் வீரர்களை நோவைவிட மோசமான அடிமைத்தனத்தில் தள்ளியதே.

நம்மிடம் அபின் வகை மருந்து அவ்வளவாகப் பரவவில்லை. நம் ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. பனடோலில் தொடங்கிய கை, கேளாதபோது டைக்குளோபினாக் குளிசைக்குப் போகிறது. துண்டில்லாமலே பாமசியில் வாங்கி, சோற்றுக்கு முன்னும் பின்னும் பாராமல், வருஷக்கணக்காக விழுங்குவோர் உண்டு. இந்த வகைக் குளிசை வயிற்றைப் புண்ணாக்குவதோடு சிறுநீரகத்தையும் வருத்தும். 1990களில் வடமத்திய மாகாணத்தின் மெதவச்சிய, பதவிய பிரதேசங்களில் விவசாயிகளிடையே கண்டறியப்பட்ட, இன்றுவரை காரணம் உறுதியாகாத சிறுநீரக வியாதி, வவுனியாவின் எல்லைக் கிராமங்களிலும் இருக்கிறது என்பதை நினைத்தால், வெயிலில் வயல் வேலை செய்து தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஒருவர் நாரி நோவுக்கென்று தினமும் இந்தக் குளிசை எடுப்பது எவ்வளவு அபாயமானது என்பது விளங்கும். இத்தனைக்கும் அது பயனுடையதா என்றால், இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறை, நீடித்த முதன்மை நோவுக்குப் பரசிற்றமோலையோ டைக்குளோபினாக் இனத்து மருந்துகளையோ அபின் வகையையோ தொடங்கவே வேண்டாம் என்கிறது. அதற்குப் பதிலாக அது சொல்வன: உடற்பயிற்சி, சிலவகை உளச்சிகிச்சை, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளிற் சில, அக்குபங்சர். இவற்றுள் அக்குபங்சரை, முழுச் சிகிச்சைக்கும் வைத்தியப் பணியாளரின் நேரம் ஐந்து மணித்தியாலத்துக்கு மேற்படாமல், ஊர்ப்புறத்து நிலையங்களிலேயே கொடுக்கலாம் என்றும் அது வரையறை செய்திருக்கிறது.

அக்குபங்சர் என்றால் ஆணிப் பலகையை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டாகையால், அதைச் சற்று அருகே நின்று பார்ப்போம். ஊசி கால் மில்லிமீற்றர் அளவு மெல்லியது. மருந்தேற்றும் ஊசியைப்போல உள்ளே துவாரமுடையதன்று. சிறு பிளாஸ்டிக் குழாயொன்றைத் தோலின்மேல் நிறுத்தி, அதற்குள் ஊசியை விட்டு, விரல்நுனியால் ஒருமுறை தட்டினால் அது தோலைக் கடந்துவிடும். நுளம்பு கடித்த அளவும் இராது. பின்னர் மெதுவாக உள்ளே செலுத்தித் திருகும்போது, கனமும் விறைப்பும் கலந்ததோர் உளைவு அவ்விடத்தைச் சுற்றிப் பரவும். சீன வைத்தியர் அதை எதிர்பார்த்தே இருப்பார். அது வந்தாற்றான் ஊசி சரியான இடத்தில் நிற்கிறது என்பது அவர்கள் கொள்கை. பெருவிரலும் சுட்டுவிரலும் பிரியுமிடத்துத் தசையில் ஒன்று, முழங்காற் சில்லின் கீழே நான்கு விரற்கடை இறங்கி முன்னெலும்பின் வெளிப்பக்கமாக ஒன்று, நாரியின் இருமருங்கும் சில, இவ்வாறு குத்திவிட்டு இருபது முப்பது நிமிஷம் அசையாமற் படுத்திருக்கச் சொல்வார்கள். சிலவேளை, நம் மாசிபத்திரிக்கு இனமான ஒரு செடியின் உலர்ந்த இலையைச் சுருட்டிக் கொளுத்தி, தோலுக்கு அணித்தே பிடித்து வெப்பம் காட்டுவதும் உண்டு. நொச்சியிலை ஒற்றடத்தில் வளர்ந்தவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றாது.

இதற்குச் சீனர் சொல்லும் தத்துவம், ‘ச்சி’ என்னும் பிராணசக்தி உடலில் நாளங்கள் வழியே ஓடுகிறதென்பதும், அது தடைப்படும் இடத்தில் நோவு பிறக்கிறதென்பதும். உடலை அறுத்துப் பார்த்த எவரும் அந்த நாளங்களைக் கண்டதில்லை. சீன தேசத்திலேயே இதன் மதிப்பு எப்போதும் ஒரே நிலையில் இருக்கவில்லை. 1822இல் சிங் வம்சத்துப் பேரரசர் அரண்மனை வைத்தியக் கழகத்திலிருந்து ஊசிச் சிகிச்சையை விலக்கினார். 1950களில் மக்கள் குடியரசு அதை மீட்டெடுத்து, 1956இல் பீக்கிங், ஷங்காய், குவாங்சோ, செங்டூ நகரங்களில் கல்லூரிகளைத் தொடக்கியது. மேலைநாட்டார் அதைக் கவனித்தது 1971இல். பீக்கிங்கில் குடல்வால் அறுவைக்குள்ளான அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்ரன், சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வயிற்று உபாதை ஊசியால் தணிந்ததைத் தம் பத்திரிகையில் எழுதினார். நம் பக்கத்தார் அவருக்கு முந்தியவர்கள். 1938இல் யப்பானியப் படையெடுப்புக்கு ஆளாகியிருந்த சீனருக்கு உதவச் சென்ற இந்திய வைத்தியக் குழுவில் துவாரகநாத் கொட்னிசுடன் கூடச் சென்ற வங்காளத்து வைத்தியர் பிஜோய் குமார் பாசு, 1950களின் இறுதியில் மறுபடியும் சீனா சென்று இதைக் கற்று வந்து கல்கத்தாவில் நடத்தினார். இலங்கையில் வாதரோக நிபுணர் அன்ரன் ஜயசூரிய, 2005இல் காலமாகும் முன் நெடுங்காலம், களுபோவிலயிலுள்ள கொழும்பு தெற்கு அரச வைத்தியசாலையில் அக்குபங்சர் கிளினிக் நடத்திப் பிறநாட்டு மாணவரையும் அங்கே கற்பித்தார். அரசாங்க வைத்தியசாலையில் ஊசி வைப்பது இந்நாட்டில் எவரும் கேள்விப்படாத காரியமன்று. ஏ9 வீதி வழியே வடக்கே வந்து சேராத காரியம் மாத்திரமே.

இனி, பயன் உண்டா என்னும் கேள்வி. ஜெர்மனியில் நாட்பட்ட நாரி நோவுடைய 1162 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவாருக்குச் சீன முறைப்படி சரியான புள்ளிகளில் ஊசி. இரண்டாம் பிரிவாருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திய போலி ஊசி. மூன்றாம் பிரிவாருக்கு மருந்தும் இயன்மருத்துவமும் பயிற்சியுமாகிய வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்தின் பின் குணம் கண்டவர்கள் முறையே நூற்றுக்கு 47.6, 44.2, 27.4. இந்த மூன்று எண்களையும் ஒருசேர வைத்து நிதானமாகப் பார்க்க வேண்டும். புள்ளி சரியோ பிழையோ, ஊசி பெற்றவர்கள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட வெகுவாகத் தேறினார்கள். ஆனால் சரியான புள்ளிக்கும் பிழையான புள்ளிக்கும் வித்தியாசம் அற்பமே. பிற்பாடு, 39 பரிசோதனைகளில் பங்குபற்றிய 20,827 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுதிரட்டிய அன்ட்ரூ விக்கர்ஸ் குழுவினர் 2018இல், போலி ஊசியைவிட உண்மை ஊசி சிறிதளவு மேல் என்றும், ஊசியே இல்லாமையைவிட நன்றாகவே மேல் என்றும், கிடைத்த நன்மையிற் பெரும்பகுதி ஒரு வருஷத்தின் பின்னும் நிலைக்கிறது என்றும் கண்டார்கள். அமெரிக்காவின் முதியோர் காப்புறுதித் திட்டம் 2020 ஜனவரியில் நாட்பட்ட நாரி நோவுக்குத் தொண்ணூறு நாளில் பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது.

எனக்கு இவற்றினும் முக்கியமாகத் தோன்றுவது ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ரெட் கப்சக் 2008இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை. காரணம் காணப்படாத வயிற்று உபாதையுடைய 262 பேரை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு பிரிவார் வெறுமனே காத்திருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 28 பேர் தேறினார்கள். இன்னொரு பிரிவாருக்குப் பேச்சு வார்த்தையில்லாமல் தோலைத் துளைக்காத போலி ஊசி வைக்கப்பட்டது. 44 பேர் தேறினார்கள். மூன்றாம் பிரிவாருக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் வைத்தியர் முக்கால் மணி நேரம் அருகில் இருந்து, வருத்தம் எப்போது தொடங்கியது, வீட்டில் யார் யார், அதைக் குறித்து நீர் என்ன நினைக்கிறீர் என்றெல்லாம் சிரத்தையோடு கேட்டார். தேறியவர்கள் 62.

ஆகவே எல்லாம் வெறும் மனப்பிரமை, ஊசி ஏமாற்று வித்தை என்று இதைக் கொண்டு முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. நான் அவ்வாறு முடிவுகட்டேன். ஊசியால் வந்த தணிவு, அபின் வகையின் முறிமருந்தாகிய நலொக்சோனைக் கொடுத்தபோது குறைந்தது என்று 1977இலேயே மேயர் முதலியோர் பரிசோதித்துக் காட்டினார்கள். அதாவது உடல் தன்னுள்ளேயே சுரக்கும் நோவடக்கிகள் அதிற் சம்பந்தப்பட்டிருக்கின்றன. நம்பிக்கையும் அன்பான விசாரணையும் ஸ்பரிசமும் நரம்பின்மேல் வேலை செய்கின்றன என்றால், நரம்பின் சுபாவமே வியாதியாயிருக்கும் ஒருவருக்கு அதைவிட நேரான சிகிச்சை எது? முள்ளிவாய்க்காலிலிருந்து எழுந்து வந்த ஒரு தாயை ஒருவர் கட்டிலில் படுக்க வைத்து, எங்கே நோகிறது என்று கையால் தொட்டுப் பார்த்து, அரைமணி நேரம் அவருக்கு வேறு வேலையில்லாமல் ஆக்கி, அடுத்த வாரமும் வரச் சொல்லுகிறார் என்பது சிறிய விஷயமன்று. அந்த அரைமணி நேரத்தை ஊசியில்லாமலும் கொடுக்கலாமே என்று கேட்டால், கொடுக்கலாம், கொடுக்கிறவர்களைத்தான் காணோம். ஒரு சிகிச்சை என்ற பெயரும் ஒரு கட்டிலும் ஒரு நேர அட்டவணையும் இருந்தால்தான் அரச வைத்தியசாலையில் அந்த அவகாசம் உண்டாகும்.

மூலிகை வேறு கதை. சீன வைத்தியம் என்றால் ஊசியும் மருந்தும் சேர்ந்ததே என்று சொல்லி, ஊசி வைப்பவரே பொட்டலமும் விற்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 1993இல் பெல்ஜியத்து வைத்தியர்கள், பிரசல்ஸ் நகரில் உடல் மெலிவதற்கென்று சீன மூலிகை கலந்த மருந்து உண்ட இளம்பெண்களின் சிறுநீரகம் வெகு வேகமாகக் கெட்டுப்போவதை அறிவித்தார்கள். கொடுக்கப்பட வேண்டிய மூலிகைக்குப் பதிலாக, சீனப் பெயரில் ஒத்திருந்த, அரிஸ்ரோலோக்கியா இனத்து மூலிகையொன்று மாறி வந்திருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேரளவில். பலர் சிறுநீரகத்தையே இழந்தனர். சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுங் கண்டது. அந்த இனத்துச் செடி நமக்கு அந்நியமன்று. ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே குடும்பத்தன. நம் பரியாரிமாரும் அவற்றை வழங்கியிருக்கிறார்கள். சீனர் மூட்டுநோவுக்குக் கொடுக்கும் கிழங்குகளில் ஒன்று நம் நாவிக்கு இனம். சுத்தி செய்யாமற் கொடுத்தால் இருதயத்தை நிறுத்திவிடும். இவற்றோடு, ‘முழுவதும் மூலிகை’ என்று விற்கப்பட்ட வாத உருண்டைகளுக்குள் ஸ்ரீரொயிட் மருந்து ஒளித்துவைக்கப்பட்டிருந்தது பல நாடுகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. அவற்றை உண்டவருக்கு இரண்டு நாளில் நோவு பறந்துபோகும், இரண்டு வருஷத்தில் எலும்பு உளுத்துப்போகும். சிறுநீரகம் முன்னமே அச்சத்தில் இருக்கும் ஒரு பிரதேசத்துக்கு இப்படிப்பட்ட பொட்டலங்களைப் பரிசோதனையின்றி வரவிடுவது பெரும்பாவம். சீன மூலிகையில் நன்மையே இல்லை என்பதன்று என் கட்சி. பழைய ஏட்டுக் குறிப்பொன்றைப் பின்பற்றிச் சென்ற து யூயூ என்னும் அம்மையார் 1970களில் பிரித்தெடுத்த ஆற்றெமிசினின், மலேரியாவிலிருந்து எண்ணிறந்த உயிர்களைக் காத்து, அவருக்கு 2015இல் நோபெல் பரிசையும் தந்தது. ஆனால் அதன் சத்தைப் பிரித்து, அளவை நிர்ணயித்து, மனிதரிற் சோதித்த பின்னரே அது மருந்தாயிற்று. வன்னிக்கு வரும் எந்த உருண்டையும் அந்த வழியால் வரட்டும்.

நமக்குச் சித்த வைத்தியம் இருக்கச் சீனத்து ஊசி எதற்கு என்று கேட்கிற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. எண்ணெய் பூசிப் பிடித்துவிடுதலும் ஒற்றடமும் வேதும் வர்மப் புள்ளிகளைத் தூண்டுதலும் இதே நோவுக்கு நம் முன்னோர் கண்டவை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பனடோலுக்கும் தட்டுப்பாடான வன்னியை முறிவு நெரிவு பார்க்கும் பரியாரிமார் எவ்வளவு தாங்கினார்கள் என்பதை வயதானவர்கள் அறிவர். ஆயினும் ஊசிக்குக் கிடைத்திருப்பது போன்ற ஆயிரக்கணக்கானோரை எண்ணிப் பார்த்த பிரமாணம் நம் சிகிச்சைகளுக்கு இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கச் செய்ய வேண்டியது நம் கடமை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984இல் தொடங்கிய சித்த மருத்துவக் கல்வி, கைதடியிலிருந்து வருஷந்தோறும் பட்டதாரிகளை அனுப்புகிறது. சரீர அமைப்பும் நோயறிதலும் கற்ற இவர்களே ஊசிச் சிகிச்சையைப் பயில மிகப் பொருத்தமானவர்கள். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை: 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றோடு, ஆசிய நாடுகளுக்குச் சுதேசமாயும் அவ்வந்நாட்டு அரசுகளால் அங்கீகரிக்கப்பட்டும் உள்ள ஏனைய முறைகளையும் தன் வரைவிலக்கணத்துள் அடக்கியிருக்கிறது.

எவருக்கு ஊசி வைக்கலாகாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நாரி நோவோடு மெலிவும் மாலைக் காய்ச்சலும் உடையவருக்குக் காசநோய் முள்ளந்தண்டில் இருக்கலாம். சிறுநீர் கட்டுக்கடங்காமற் போகிறவருக்கும், தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்தவருக்கும் நரம்பு நெரிபடுகிறது. அவர் அன்றே சத்திரசிகிச்சை நிபுணரிடம் போக வேண்டியவர். ஆகவே முதலிற் பார்ப்பவர் மேலைத்தேய வைத்தியராயிருக்க வேண்டும். அவர் அனுப்பிய பின்னரே ஊசி. பீஸ் கிடக்கும் இடத்திலும் அதன் அயலிலும் குத்தலாகாது. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் வோபரின் எடுப்பவரிடத்தும், சலரோகத்தினால் கால் மரத்தவரிடத்தும் அவதானம் வேண்டும். நெஞ்சுப் பக்கத்திலும் தோளின் மேலும் ஆழமாகக் குத்தினால் சுவாசப்பை துளைபடும். அந்த விபத்து உலகெங்கும் பதிவாகியிருக்கிறது, சில வாரப் பயிற்சியில் பெற்ற சான்றிதழை மாத்திரம் சுவரில் தொங்கவிட்டவர்கள் கையில் ஊசியைக் கொடுக்கலாகாது என்பதற்கு அதுவொன்றே போதும். ஒருவருக்குக் குத்திய ஊசி இன்னொருவருக்கு ஒருபோதும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி வைத்தாயிற்று, இனிப் பிரஷர்க் குளிசையையும் நீரிழிவுக் குளிசையையும் நிறுத்திவிடு என்று போதிக்கும் எவரையும் வைத்தியசாலை வாசலில் விடக்கூடாது.

இவ்வளவுக்கும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் மாங்குளத்திலே, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டத்தாரும் ஒரே பஸ்ஸில் வந்து சேரக்கூடிய இடத்தில், வாரத்தில் இரண்டு நாள் ஒரு நோவுக் கிளினிக்கை மாகாண சுகாதார அமைச்சு தொடக்கலாம். ஒரு வைத்தியர், பயிற்சி பெற்ற ஒரு சித்த மருத்துவர், ஓர் இயன்மருத்துவர், உளநலப் பிரிவிலிருந்து ஒருவர், ஆறு கட்டில், ஒருமுறை பாவித்து எறியும் ஊசிப் பெட்டிகள். வருகிறவர் ஒவ்வொருவரிடமும் முதல் நாளிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும்: கிழமையில் எத்தனை குளிசை விழுங்குகிறீர், இரவில் எத்தனை மணி உறங்குகிறீர், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒரு வருஷத்திலும் அதே கேள்விகளை மறுபடி கேட்டு, ஊசி பெற்றவரையும், சித்த முறையில் எண்ணெய்ச் சிகிச்சை பெற்றவரையும், பயிற்சி மாத்திரம் பெற்றவரையும் ஒப்பிட்டு, யாழ்ப்பாண மருத்துவ பீடத்தார் கணக்கெடுக்கட்டும். இரண்டு வருஷத்தின் பின் குளிசை குறையவுமில்லை, உறக்கம் கூடவுமில்லை என்று அந்தக் கணக்கு காட்டுமானால், ஊசியை நிறுத்திவிட்டுக் கட்டில்களை இயன்மருத்துவப் பிரிவுக்கே கொடுத்துவிடலாம்.